கடைத்தெருத் தளங்களுக்கு வெப் சர்வர்: தேர்ந்தெடுப்பதும் ஓட்டுவதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரு கடைக்கு இணையத்தளம் போடுவதென்றால், அந்த வேலை பெரும்பாலும் குடும்பத்தில் கணினி படித்த பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். "நீதான் ஐடி படிச்சிருக்கியே தம்பி, தீபாவளிக்குள்ள முறுக்கு ஆர்டர் எடுக்குற மாதிரி ஒன்னு பண்ணிக் கொடு" என்பார் பலகாரக் கடை மாமா. தளத்தை அழகாக வடிவமைக்கச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. அது எந்த மென்பொருளில் ஓடவேண்டும், நின்றுபோனால் எங்கே பார்க்கவேண்டும் என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி

வாரத்துக்கு ஒரு மணி நேரம், வருஷம் முழுக்க, இந்த சர்வருக்காக, அதாவது தளத்தை இணையத்துக்குக் கொடுக்கும் கணினிக்காக, ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் சொந்த சர்வர் வேண்டாம். பகிர்வு ஹோஸ்டிங் (பலருக்கும் பொதுவான சர்வரில் வாடகைக்கு ஓர் இடம்) வாங்கிவிடுங்கள். அங்கே அப்பாச்சியோ லைட்ஸ்பீடோ போன்ற வெப் சர்வர் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. வாங்குமுன் நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள்: பிஎச்பி (தளத்தை ஓட்டும் நிரல்மொழி) எந்தப் பதிப்பு, பேக்கப் எத்தனை நாளுக்கு வைத்திருக்கிறார்கள், எச்டிடிபிஎஸுக்கு வேண்டிய இலவசச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுமா, எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) கிடைக்குமா. ஐந்து பக்கமும் ஒரு தொலைபேசி எண்ணும் உள்ள சமையல் குத்தகைத் தளத்துக்கு இது தாராளம். அதற்குப் போய் தனி சர்வர் போடுவது வீண் செலவு.

ஆர்டர் எடுக்கும் தளம், பணம் வாங்கும் தளம், ஒரே ஆள் நான்கைந்து கடைகளுக்குப் பார்த்துக்கொடுக்கும் நிலைமை என்றால் விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் சர்வர் பொருந்தும். மேற்கொண்டு படியுங்கள்.

வீட்டிலேயே பழைய கணினியை வைத்து ஓட்டலாமே என்ற யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். கற்றுக்கொள்ள நல்ல வழி, வியாபாரத்துக்கு ஆகாது. வீட்டு இணைப்பின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். சில இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான், வெளியிலிருந்து உங்கள் கணினியை அடையவே முடியாது. பேராக்கில் சாயங்கால இடிமழைக்கு மின்சாரம் ஒருமுறை கண்சிமிட்டினால் போதும், தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் அறுந்துவிடும்.

சர்வர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். நம் ஊர்களிலிருந்து இரண்டுக்கும் உள்ள வேகவித்தியாசத்தை வாடிக்கையாளர் உணரமாட்டார். அமேசான் வெப் சர்வீசஸ்கூட 2024 ஆகஸ்ட்டில் மலேசியாவில் தனி மண்டலம் திறந்துவிட்டது. விலை குறைவென்று ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தால் மட்டும் ஒவ்வொரு சொடுக்கிலும் தாமதம் தெரியும்.

அளவு: வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்) வைத்து ஓடும் ஒரு கடைக்கு 2 ஜிபி நினைவகம், ஒன்றிரண்டு சிபியு, 40 ஜிபி வட்டு. 1 ஜிபியிலும் ஓடும், ஆனால் பண்டிகைக் காலத்தில் மூச்சு முட்டும். இயங்குதளம் உபுண்டு 24.04 எல்டிஎஸ். 2029 வரை இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

டொமெய்ன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், பற்றி ஒரு எச்சரிக்கை. டாட் காம் டாட் எம்ஒய் முகவரிக்கு வணிகப் பதிவு வேண்டும். எம்ஒய் முகவரிகளை நிர்வகிப்பது மைநிக். அதைக் கடை முதலாளியின் பெயரிலும் கடையின் மின்னஞ்சலிலும் பதியுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். நீங்கள் ஜொகூருக்கு வேலைக்குப் போய், பழைய மின்னஞ்சலைத் திறப்பதையும் விட்டுவிட்ட பிறகு, புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்தைப் பார்க்க ஆளிருக்காது.

எந்த மென்பொருள்?

வெப் சர்வர் என்பது 80, 443 ஆகிய இரண்டு வாசல்களில் காத்திருந்து, வரும் கோரிக்கைக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்கும் அல்லது பிஎச்பி போன்ற நிரலிடம் தள்ளிவிடும் மென்பொருள். சிறுதொழிலுக்கு நான்கைப் பார்த்தால் போதும்.

அப்பாச்சி 1995-இலிருந்து இருக்கிறது. வேர்ட்பிரஸ் பிளக்இன்களில் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களில்) பெரும்பாலானவை அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. தளத்தின் அடைவுக்குள்ளேயே டாட்-எச்டிஆக்சஸ் என்ற கோப்பில் விதிகளை எழுதலாம். பிளக்இன்கள் தாமாகவே அதில் எழுதிக்கொள்ளும். புதியவருக்கு இது பெரிய வசதி. இதில் ஒரு கண்ணியும் உண்டு. மாட்-பிஎச்பி என்ற பழைய முறையில் நிறுவினால் அப்பாச்சி பிரீஃபோர்க் முறையில் ஓடும். அதாவது ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி செயல்முறை, ஒவ்வொன்றுக்குள்ளும் முழு பிஎச்பி. வெறும் லோகோ படத்தைக் கொடுக்கிற செயல்முறையும் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். உபுண்டுவில் மேக்ஸ்-ரிக்வெஸ்ட்-வொர்க்கர்ஸ் அளவு 150 என்று வருகிறது. ஒன்றுக்கு 50 எம்பி வைத்தாலும் 150-க்கு 7.5 ஜிபி. உங்களிடம் இருப்பதோ 2 ஜிபி. கூட்டம் வந்த நேரத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நினைவகத்தை மீட்க ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது கொல்லும். அது கொல்வது பெரும்பாலும் தளத்தின் தரவுத்தளமான மரியாடிபியை. எனவே அப்பாச்சி என்றால் ஈவென்ட் முறையும் (ஒரு செயல்முறையே பல இணைப்புகளைப் பார்க்கும்) பிஎச்பி-எஃப்பிஎம்மும் (பிஎச்பியைத் தனியே ஓட்டும் சேவை) சேர்த்துத்தான்.

என்ஜின்எக்ஸ் 2004-இல் இகோர் சிசோயெவ் வெளியிட்டது. சில செயல்முறைகளே ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சமாளிக்கும், நினைவகம் குறைவாகவே தின்னும். படம், ஸ்டைல் கோப்பு போன்றவற்றை அனுப்புவதில் கெட்டி. டாட்-எச்டிஆக்சஸை மட்டும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை: பாதுகாப்பு பிளக்இன் ஒன்று "அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி ஓடாதபடி தடுத்துவிட்டேன்" என்று பச்சைக் குறி காட்டும், அது எழுதியது டாட்-எச்டிஆக்சஸில், என்ஜின்எக்ஸில் அந்தத் தடுப்பே இருக்காது. அந்த விதியை நீங்கள்தான் அமைப்புக் கோப்பில் கையால் எழுதவேண்டும்.

கேடி 2015-இல் வந்தது. டொமெய்ன் பெயரை எழுதிவிட்டால் சான்றிதழைத் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும். வேர்ட்பிரஸுக்குக்கூட அமைப்பு ஐந்தே வரி: டொமெய்ன், ரூட், பிஎச்பி-ஃபாஸ்ட்சிஜிஐ, ஃபைல்-சர்வர், மூடும் அடைப்பு. இதுவும் டாட்-எச்டிஆக்சஸைப் படிக்காது. சிக்கல் வரும்போது இணையத்தில் கிடைக்கும் பதில்கள் மற்ற இரண்டைவிடக் குறைவு.

ஓபன் லைட்ஸ்பீடின் பலம் வேர்ட்பிரஸுக்கான அதன் கேஷ் பிளக்இன் (தயாரித்த பக்கத்தைச் சேமித்துவைத்துக் கொடுப்பது). டாட்-எச்டிஆக்சஸில் உள்ள ரீரைட் விதிகளை (முகவரியை மாற்றியனுப்பும் விதிகளை) படிக்கும், மாற்றினால் சர்வரை மறுதொடக்கம் செய்யவேண்டும். அதன் நிர்வாகப் பலகை 7080 வாசலில் திறந்திருக்கும். உங்கள் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து மற்றவர்களுக்கு அடைத்துவிடுங்கள். விண்டோஸின் ஐஐஎஸ், கடையின் மென்பொருள் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும்.

எங்கள் தீர்ப்பு இது. முதன்முறை ஓட்டுபவர், நிறைய பிளக்இன் உள்ள வேர்ட்பிரஸ்: அப்பாச்சி, ஈவென்ட் முறையில். விலைப்பட்டியலும் படங்களும் மட்டுமுள்ள தளம்: கேடி. ஒரே சர்வரில் நான்கைந்து கடைகள்: என்ஜின்எக்ஸ். வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பேர் வரும் தளத்தில் இந்த நான்குக்கும் உள்ள வேகவித்தியாசம், முதலாளி கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய 5 எம்பி லட்டு படத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கீழே உள்ள படிகள் என்ஜின்எக்ஸை வைத்து. மற்றவற்றுக்கும் வரிசை இதேதான்.

நிறுவும் வரிசை

சர்வர் கிடைத்ததும் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) கணக்கிலேயே வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, சூடோ உரிமை (தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரம்) கொடுத்து, எஸ்எஸ்எச் சாவியை ஏற்றி, அதன்பின் கடவுச்சொல் நுழைவை அணையுங்கள். உபுண்டு 24.04-இல் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் கோப்பில் நீங்கள் "நோ" என்று எழுதியிருப்பீர்கள், ஆனால் எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் டாட் டி அடைவுக்குள் 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பு "யெஸ்" என்று வைத்திருக்கக்கூடும். முதலில் படிக்கப்படுவது எதுவோ அதுதான் செல்லும், அந்த அடைவுதான் முதலில் படிக்கப்படுகிறது. 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' என்று தட்டினால் உண்மையில் எது நடைமுறையில் இருக்கிறதென்று தெரியும் (இங்கே 'டி' பெரிய எழுத்து). சோதிக்கும்போது பழைய சாளரத்தை மூடாமல் புதிய சாளரத்தில் நுழைந்து பாருங்கள்.

அடுத்து 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்'. பிறகு நேரமண்டலத்தை ஏஷியா/கோலாலம்பூர் என்று மாற்றுங்கள் (ஏ, கே, எல் மூன்றும் பெரிய எழுத்து, கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவில் அடிக்கோடு). புதிய சர்வர் பெரும்பாலும் யுடிசி நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னால், வரும். மாற்றாவிட்டால் அதிகாலை 3 மணிக்கென்று நீங்கள் வைத்த பேக்கப் பகல் 11 மணிக்கு, கடை சூடாக ஓடும் நேரத்தில் ஓடும்.

தீச்சுவர்: முதலில் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி, பிறகு 80, 443, கடைசியில்தான் 'யுஎஃப்டபிள்யு எனேபிள்'. வரிசை மாறினால் உங்கள் சர்வரே உங்களை வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்ளும். சில நிறுவனங்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொரு தீச்சுவர் வைத்திருக்கும். உள்ளே எல்லாம் திறந்திருந்தும் தளம் வரவில்லை என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

2 ஜிபி அளவில் ஒரு ஸ்வாப் கோப்பு (நினைவகம் நிறைந்தால் உதவும் வட்டு இடம்) போடுங்கள், உரிமை 600. எஃப்ஸ்டாப் கோப்பிலும் ஒரு வரி சேர்த்தால்தான் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்கும். ஸ்வாப் இருப்பது வேகத்துக்காக அல்ல, திடீர் நெரிசலில் தரவுத்தளம் கொல்லப்படாமல் இருக்க.

இனி நிறுவவேண்டியவை: என்ஜின்எக்ஸ், மரியாடிபி-சர்வர், பிஎச்பி-எஃப்பிஎம், அதோடு பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல், கர்ல், ஜிடி, எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், ஜிப், ஐஎன்டிஎல் துணைகள். எம்பிஸ்ட்ரிங்கை விட்டுவிட்டால் தமிழ்ப் பொருட்பெயர்களை வெட்டும் இடங்களில் எழுத்து சிதைந்து கேள்விக்குறிகள் வரலாம். உபுண்டு 24.04-இல் பிஎச்பி 8.3 வரும்.

தளக் கோப்புகளுக்கு வார் அடைவில் டபிள்யு-டபிள்யு-டபிள்யு என்பதன் கீழ் கடைக்கு ஒரு அடைவு. அடைவுகளுக்கு உரிமை 755, கோப்புகளுக்கு 644, கடவுச்சொல் உள்ள டபிள்யுபி-கான்ஃபிக் கோப்புக்கு 640. "அனுமதி இல்லை" என்று வந்ததும் 777 போடச் சொல்லும் பதில்கள் இணையத்தில் ஏராளம். செய்யாதீர்கள். தவறு பெரும்பாலும் உரிமையில் இருக்காது, உரிமையாளரில் இருக்கும்: கோப்புகள் ரூட் பெயரில் கிடக்கும், பிஎச்பியோ டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா என்ற பயனராக ஓடும்.

அமைப்புக் கோப்பைச் சைட்ஸ்-அவைலபிள் அடைவில் எழுதி, சைட்ஸ்-எனேபிள்டு அடைவுக்கு இணைப்பு கொடுங்கள். அதில் சர்வர்-நேம் வரியில் டொமெய்ன், ரூட் வரியில் அடைவு, பிஎச்பி பகுதியில் 8.3-எஃப்பிஎம் சாக்கெட்டின் (என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் கோப்பின்) பாதை. வேர்ட்பிரஸுக்கு உயிர்நாடி ட்ரை-ஃபைல்ஸ் வரி: கேட்ட பெயரில் கோப்பு இருக்கிறதா, அடைவு இருக்கிறதா, இரண்டும் இல்லையென்றால் இண்டெக்ஸ் டாட் பிஎச்பிக்கு அனுப்பு. முகப்புப் பக்கம் மட்டும் வந்து மற்ற எல்லாப் பக்கமும் 404 என்றால் இந்த வரிதான் இல்லை. (அப்பாச்சியில் அதே அறிகுறிக்குக் காரணம், அலவ்-ஓவர்ரைடு நன் என்றிருப்பதோ ரீரைட் மாட்யூல் இயக்கப்படாததோ.) புள்ளியில் தொடங்கும் கோப்புகளை, முக்கியமாக டாட்-ஜிட், டாட்-என்வி ஆகியவற்றை, யாருக்கும் கொடுக்காதபடி ஒரு விதி எழுதுங்கள். சான்றிதழ்ச் சோதனைக்கு வேண்டிய டாட்-வெல்-நோன் அடைவுக்கு மட்டும் விலக்கு. அப்லோட்ஸில் பிஎச்பிக்குத் தடை இன்னொரு விதி.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் 'என்ஜின்எக்ஸ் -டி'. வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டிருந்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். சரியென்றால் ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோட் தவறான அமைப்பை ஏற்காமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கிளப்ப முடியாமல் நிற்கும்.

சான்றிதழ்

டொமெய்னின் ஏ பதிவை (பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) சர்வரின் முகவரிக்குத் திருப்புங்கள். மாற்றும் முந்தின நாளே டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்துவைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும். பழைய ஹோஸ்டிங் விட்டுப்போன நான்கு-ஏ பதிவு, அதாவது ஐபிவி6 முகவரி, ஏதாவது கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனை அது இருந்தால் முதலில் அங்கேதான் போகும். உங்கள் கைப்பேசியில் தளம் ஒழுங்காகத் திறக்கும், சான்றிதழ் மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட்டை ஸ்னாப் வழியாக நிறுவுங்கள். முதலில் 'ட்ரை-ரன்' (சான்றிதழ் வாங்காமல் ஒத்திகை மட்டும்) போட்டுச் சோதித்துவிட்டு உண்மைக் கட்டளையைக் கொடுங்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்துமுறை தோற்றால் காத்திருக்க வைத்துவிடுவார்கள். 80-ஆம் வாசலை "இனி எச்டிடிபிஎஸ் மட்டும்தானே" என்று மூடிவிடாதீர்கள், புதுப்பிக்கும்போது அது தேவைப்படும்.

இந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். முன்பு முடிவதற்குமுன் லெட்ஸ் என்கிரிப்ட்டே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். எனவே வெளியிலிருந்து தளத்தைக் கண்காணிக்கும் இலவசச் சேவை ஒன்றில் பதிந்து, சான்றிதழ் எச்சரிக்கையையும் இயக்கிவையுங்கள். "காசு கொடுத்து ஒரு வருஷத்துக்கு வாங்கிப் போட்டுவிடலாமே" என்ற பழைய வழியும் முடிந்துவருகிறது: உலாவிகள் ஏற்கும் சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

தீபாவளிக் கூட்டத்துக்கு முன்

பிஎச்பி-எஃப்பிஎம்மில் பிஎம் டாட் மேக்ஸ்-சில்ட்ரன் என்ற எண், ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலை நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. உபுண்டுவில் அது 5 என்று வரும். ஆறாவது ஆள் வரிசையில் நிற்பார். லாக் கோப்பில் "மேக்ஸ்-சில்ட்ரன் எல்லையை எட்டியது" என்ற வரி தென்பட்டால் கூட்டவேண்டிய நேரம். கணக்கு எளிது: 2 ஜிபியில் இயங்குதளத்துக்கு 300 எம்பி, மரியாடிபிக்கு 400, கையிருப்பு 300 கழித்தால் மிச்சம் சுமார் 1000. வேர்ட்பிரஸில் ஒரு செயல்முறை 60-லிருந்து 80 எம்பி எடுக்கும். ஆக 12. "எதற்கும் இருக்கட்டும்" என்று 50 போட்டால் மேலே சொன்ன அப்பாச்சிக் கதைதான் இங்கேயும்.

அதைவிடப் பலன் தருவது பக்கக் கேஷ். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை பட்டியலைப் பார்க்க வருபவர் ஒவ்வொருவருக்கும் பிஎச்பி ஓடத் தேவையில்லை. தயாரித்துவைத்த பக்கத்தையே கொடுக்கலாம். வண்டி (வாங்கப்போவதைச் சேர்த்துவைக்கும் பக்கம்), பணம் கட்டும் பக்கம், என் கணக்கு ஆகிய மூன்றுக்கு மட்டும் கேஷ் கூடாது. மறந்தால் ஒருவர் வண்டியில் போட்டது இன்னொருவருக்குத் தெரியும். படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள்.

பிறகு சுமை கொடுத்துப் பாருங்கள். அப்பாச்சி பெஞ்ச் கருவியில் மொத்தம் 200 கோரிக்கை, ஒரே நேரத்தில் 20. இன்னொரு சாளரத்தில் எச்டாப்பைத் திறந்து நினைவகத்தைக் கவனியுங்கள். இதைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், இரவில் செய்யுங்கள்.

பணம் வந்துவிட்டது, ஆர்டர் வரவில்லை

எஃப்பிஎக்ஸ் அல்லது டூயிட்நவ் (மலேசிய இணையவங்கிக் கட்டண முறைகள்) வழியாகப் பணம் வாங்கும் தளங்களில் அடிக்கடி வரும் குழப்பம் இது. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் கழிந்துவிடும், தளத்தில் ஆர்டர் "நிலுவை" என்றே நிற்கும். எல்லாரும் கட்டண நிறுவனத்தைத்தான் திட்டுவார்கள். திட்டுமுன் ஆக்சஸ் லாக்கை (வந்த ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் கோப்பை) திறந்து அந்த நேரத்து வரியைப் பாருங்கள். பணம் வந்ததும் கட்டண நிறுவனத்தின் சர்வர் உங்கள் தளத்துக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை (விவரத்தைச் சுமந்து வருவது) அனுப்பும். அந்த வரியின் நடுவில் 200 இருந்தால் சேர்ந்துவிட்டது. 301 இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: அவர்களிடம் நீங்கள் கொடுத்த முகவரி எச்டிடிபி என்றோ டபிள்யு-டபிள்யு-டபிள்யு இல்லாமலோ இருக்கிறது, உங்கள் சர்வர் அதைச் சரியான முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. திருப்பும்போது போஸ்ட் பெரும்பாலும் 'கெட்' கோரிக்கையாக (பக்கத்தை மட்டும் கேட்பதாக) மாறிவிடும், உள்ளே இருந்த கட்டண விவரம் வழியிலேயே கொட்டிப்போகும். சில வேளை அடுத்த வரியிலேயே அதே பாதைக்கு ஒரு கெட் தெரியும்.

கட்டண நிறுவனத்தின் பக்கத்தில் முழு முகவரியை, எச்டிடிபிஎஸோடு, கடைசிச் சாய்கோடு உட்பட, தளம் எப்படி முடிகிறதோ அப்படியே எழுதுங்கள். 403 என்று இருந்தால் உங்கள் பாதுகாப்பு பிளக்இன் அவர்களைத் தடுக்கிறது. வரியே இல்லையென்றால் தீச்சுவரையும் சான்றிதழையும் பாருங்கள். அப்புறம்தான் அவர்களுக்குத் தொலைபேசி.

மற்ற பிழைகள்

502 என்றால் என்ஜின்எக்ஸ் நலம், பின்னால் பிஎச்பி இல்லை. எஃப்பிஎம் நின்றிருக்கும், அல்லது பிஎச்பியைப் புதுப்பித்ததில் சாக்கெட்டின் பெயர் மாறியிருக்கும். 504 என்றால் பிஎச்பி இருக்கிறது, ஆனால் பதில் சொல்ல நேரமாகிறது. வெளியே எதற்கோ காத்திருக்கும் பிளக்இன்னைத் தேடுங்கள். 413 படம் ஏற்றும்போது வரும்: என்ஜின்எக்ஸின் எல்லை 1 எம்பி, பிஎச்பியின் அப்லோட் எல்லை 2 எம்பி, போஸ்ட் எல்லை 8 எம்பி. மூன்றையும் உயர்த்தாவிட்டால் ஒன்றிலிருந்து தப்பி அடுத்ததில் மாட்டும்.

எந்தக் காரணமும் இல்லாமல் தரவுத்தளம் எழ மறுத்தால் முதலில் 'டிஎஃப் -எச்'. வட்டு நிறைந்திருக்கும். அதை நிரப்பியது பெரும்பாலும் அதே வட்டில் குவிந்த பேக்கப்தான்.

ஆர்டர் மின்னஞ்சல் போகவில்லை என்ற புகாரும் வரும். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25-ஆம் வாசலை அடைத்திருக்கின்றன. சொந்தமாக அஞ்சல் சர்வர் கட்டாதீர்கள். ஒரு எஸ்எம்டிபி சேவையை 587 வழியாக இணைத்து, அவர்கள் தரும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை (அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டுபவை) டொமெய்னின் டிஎன்எஸ்ஸில் போடுங்கள்.

பேக்கப்பும் சட்டமும்

இரவில் மைஎஸ்க்யூஎல்-டம்ப், 'சிங்கிள்-டிரான்சாக்ஷன்' விருப்பத்தோடு, அதனால் ஆர்டர் எடுப்பது தடைப்படாது. அதோடு தள அடைவு. இரண்டையும் வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். நாள்வாரியாக ஏழு, வாரவாரியாக நான்கு. மாதம் ஒருமுறை ஒன்றை எடுத்து வேறோர் இடத்தில் விரித்துத் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். 0 பைட் அளவில் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் அப்படித்தான் பிடிபடும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை வாங்கும் தளம் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். தரவை எதற்கு வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும். தமிழிலும் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் தமிழ் மட்டும் போதாது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவைப் பற்றி ஆணையருக்கு அறிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது, அதற்கான கெடு 72 மணி நேரம். தளம் ஊடுருவப்பட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 மையத்துக்குத் தெரிவிக்கலாம். லாக் கோப்புகளை அழித்துவிட்டு அல்ல, நகலெடுத்துவைத்துவிட்டு.

அந்த வாராந்தர ஒரு மணி நேரம்

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இயங்குதளத் திருத்தங்களைத் தானே போடும், பிளக்இன்களை அல்ல. பிளக்இன்களைப் பேக்கப் எடுத்த பிறகு நீங்கள்தான் புதுப்பிக்கவேண்டும். வட்டில் 20 விழுக்காடாவது காலியா, நேற்றிரவு பேக்கப்பின் அளவு போன வாரத்தோடு ஒத்துப்போகிறதா, எர்ரர் லாக்கில் புதிதாக ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். டபிள்யுபி-லாகின், எக்ஸ்எம்எல்-ஆர்பிசி பக்கங்களை யார் யாரோ தட்டிக்கொண்டே இருப்பது எந்தத் தளத்திலும் உண்டு, பயப்படவேண்டாம். ஃபெயில்2பேன் (தொல்லை தரும் முகவரிகளைத் தடுக்கும் கருவி) போட்டு, லாகின் பக்கத்துக்கு லிமிட்-ரெக் (கோரிக்கை வேகத்துக்கு எல்லை) வைத்துவிட்டால் அந்த இரைச்சல் அடங்கும்.

வார் அடைவில் ரன் என்பதன் கீழ் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு இருந்தால் கெர்னல் போன்ற ஏதோ ஒன்று புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, மறுதொடக்கம் வேண்டும். அதற்குப் புதன் அதிகாலை போன்ற ஓய்வான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் என்ஜின்எக்ஸ், எஃப்பிஎம், மரியாடிபி மூன்றும் தாமாகக் கிளம்பினவா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேடஸ்' கொடுத்துப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் வைஃபையை அணைத்து ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள்.